குடிப்பிரச்சினை பற்றிய அறிவிப்பு: கூசவைக்காமல் எழுதுவது எப்படி?

இப்படி ஓர் அறிவிப்பைப் படிப்பவர், யாராவது தன்னைக் கவனிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டேதான் படிப்பார். வாசகம், படம், ஒட்டும் இடம் மூன்றையும் அவரை மனத்தில் வைத்தே முடிவுசெய்யுங்கள்.

'குடிகாரன்' என்பதைக் 'குடிகாரர்' ஆக்கினாலும் வசவு வசவுதான். 'குடிப்பிரச்சினை உள்ளவர்' என்று எழுதுங்கள். தன்னைக் 'குடிநோயாளி' என்று சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. அது அவர்கள் விருப்பம், நாம் சூட்டும் பட்டமல்ல. 'திருந்தியவர்' என்பதும் வேண்டாம், தப்புச் செய்தவர்தானே திருந்துவார்? 'மீண்டுவருபவர்' போதும். மறுபடி குடித்தால் 'கெட்டுப்போய்விட்டார்' அல்ல, 'மீண்டும் குடிக்கத் தொடங்கியிருக்கிறார்'. இது வெறும் நாசூக்கு இல்லை. போதைப் பிரச்சினை உள்ள ஒருவரைப் பற்றிய ஒரே குறிப்பை, சொல்லை மட்டும் மாற்றி, மனநலச் சிகிச்சையாளர்களிடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010இல் வெளியானது. முத்திரை குத்தும் சொல்லைப் படித்தவர்களே அவர்மீது அதிகம் பழி போட்டார்கள்.

'இன்றே நிறுத்துங்கள்!' என்ற முழக்கத்தை அடியோடு எடுத்துவிடுங்கள். தினமும் அளவுக்கு மீறிக் குடித்துவந்தவர் சட்டென நிறுத்தினால் முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதையடுத்து நடுக்கமும் பிதற்றலுமாக உயிருக்கே ஆபத்தாகலாம். 'தினமும் குடிப்பவரா? நிறுத்தும் முன் மருத்துவரிடம் பேசுங்கள்' என்று, உதவிக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணுக்கு நிகரான பெரிய எழுத்தில் போடுங்கள்.

சாக்கடையோரம் விழுந்துகிடக்கும் ஆண் படம் வேண்டாம். பார்ப்பவர் 'நான் இன்னும் அந்த அளவுக்குப் போகலையே' என்று நிம்மதியாக நகர்ந்துவிடுவார். பெண்களோ தங்களுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று நினைப்பார்கள். பாட்டில், கிளாஸ் படங்கள் விட முயல்பவருக்கு ஆசையைக் கிளப்பும். இருவர் உட்கார்ந்து பேசும் சாதாரணப் படம் போதும்.

வரவேற்பறைச் சுவரைவிடக் கழிப்பறைக் கதவின் உட்புறம் நல்ல இடம். எண்ணைக் கிழித்தெடுத்துப் போகும்படி அடியில் 8 அல்லது 10 துண்டுகள் வெட்டிவிடுங்கள். அந்தத் துண்டில் எண் மட்டும் இருக்கட்டும், 'குடி' என்ற சொல் வேண்டாம். சட்டைப் பையில் வீட்டார் கண்ணில் படலாம். உதவி தேடி வருபவர் நிரப்பும் பதிவுப் படிவத்திலும் இதே கவனம் வேண்டும். 'குடிப்பீர்களா? ஆம்/இல்லை' என்று கேட்டால் 'இல்லை' என்றே பதில் வரும். 'கடந்த 7 நாட்களில் எத்தனை நாள் குடித்தீர்கள்?' என்று கேட்டு, 0 முதல் 7 வரை கட்டங்கள் கொடுங்கள்.

அச்சுக்கு அனுப்பும் முன் ஐந்தாறு பேரிடம் காட்டுங்கள். மீண்டுவருபவர் இருவராவது அதில் இருக்கட்டும். 'இது யாருக்கு எழுதியது?' என்று மட்டும் கேளுங்கள். 'அந்த மாதிரி ஆளுங்களுக்கு' என்று பதில் வந்தால், திரும்ப எழுதத்தான் வேண்டும்.