வேலைப் பதற்றம்: குறைக்கிறேன் என்று நாமே வளர்த்துவிடும் தவறுகள்

இரவு 9:40. மேலதிகாரியிடமிருந்து ஒரு செய்தி: "நாளைக்குக் காலையில கொஞ்சம் பேசணும்." அவ்வளவுதான். எதைப் பற்றி என்று ஒரு வார்த்தை இல்லை. அதை எட்டு முறையாவது படித்திருப்பேன், போன மாதம் செய்த வேலையை எல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன், கூட வேலை பார்க்கிற இரண்டு பேரிடம் "உனக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டேன், பழைய மெயில்களைத் தோண்டினேன், தூங்கும்போது மணி இரண்டு. காலையில் அவர் கேட்டது, அடுத்த மாதம் யார் யார் எப்போது லீவு போடுகிறீர்கள் என்று.

அந்தச் செய்தி என்னை ஒன்றும் செய்யவில்லை, அதற்கப்புறம் நான் செய்ததுதான் தூக்கத்தைக் கெடுத்தது. அதில் ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம் ஆறுதல் கொடுத்தது என்பதுதான் இதில் உள்ள பொறி. பதற்றத்தில் நாம் செய்கிற தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ரகம்: அப்போதைக்கு இதமாக இருக்கும், அடுத்த முறைக்குப் பதற்றத்தைக் கொழுக்க வைத்துவிடும்.

இதில் பெரிய தவறு தள்ளிப்போடுவது. கோபமாக எழுதியிருப்பார் என்று தெரிந்த ஒருவரின் மெயிலைத் திறக்காமல் விட்டுவிட்டு, அவசரமே இல்லாத ஒரு எக்செல் ஷீட்டுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருப்போம். திறக்காத நொடியில் நெஞ்சு லேசாகும். மூளை அதைக் குறித்துக்கொள்கிறது: "ஆபத்து இருந்தது, தப்பித்தோம்." அது நிஜமாகவே ஆபத்தா என்று சரிபார்க்க அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லையே, அதனால் அடுத்த நாள் அதே மெயில் இன்னும் கனமாகத் தெரியும். உடனே பிரச்சினையைத் தீர்க்க வேண்டும் என்று இல்லை. திறங்கள், படியுங்கள், "பார்த்துவிட்டேன், மதியத்துக்குள் சொல்கிறேன்" என்று ஒரு வரி போடுங்கள். அந்த ஒரு வரிதான் கஷ்டம், மிச்சம் வெறும் வேலை.

இதன் உடன்பிறப்பு, ஓயாமல் சரிபார்ப்பது. அனுப்பிய மெயிலையே திரும்பத் திரும்பத் திறந்து படிப்பது, படுக்கையிலிருந்து எழும்பும் முன்பே போனைத் தேடுவது, "நான் சொன்னது தப்பா இருந்துச்சா?" என்று கண்ணில் படுகிறவர்களிடம் எல்லாம் கேட்பது. பொறுப்பான ஆள் மாதிரி தோன்றும், ஆனால் இதுவும் தப்பிப்பதுதான், நிச்சயமின்மையிலிருந்து. ஒரேயடியாக நிறுத்துவது நடக்காத காரியம். பார்க்கத் தோன்றினால் 15 நிமிஷம் கழித்துப் பார்ப்பேன் என்று ஆரம்பியுங்கள். பாதி நேரம் அந்த 15 நிமிஷத்தில் ஆசையே அடங்கிவிடும். (வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமைக்கு பிரான்சில் 2017 முதல் சட்டமே இருக்கிறது. நம் விரலுக்கு யார் சட்டம் போடுவது என்பதுதான் தெரியவில்லை.)

அப்புறம், "அதை நினைக்கவே கூடாது" என்று மனதை அதட்டுவது. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்று சிலரிடம் சொல்லிவைத்தார். கரடி வந்து வந்து போனது. தடையை எடுத்த பிறகோ, முதலிலிருந்தே நினைக்கலாம் என்று விடப்பட்டவர்களைவிட அவர்களுக்கு அது அதிகமாக வந்தது. அதட்டுவதற்குப் பதில் கவலைக்கு நேரம் ஒதுக்குங்கள்: சாயங்காலம் 20 நிமிஷம், ஒரு நாற்காலி, ஒரு தாள். பகலில் வருகிற கவலைக்கு "உனக்கு ஆறு மணிக்கு அப்பாயின்ட்மென்ட்" என்று சொல்லிக் குறித்து வையுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் உளவியல் சிகிச்சையில் பல வருஷமாகப் பயன்படுத்துகிற முறை இது. படுக்கும் முன்னாலும் ஒரு ஐந்து நிமிஷம் தாளை எடுக்கலாம். நாளைக்குச் செய்ய வேண்டியதை எழுதிவிட்டுப் படுத்தவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள் என்று 2018-இல் வந்த ஒரு ஆய்வு சொல்கிறது. பொத்தாம்பொதுவாக இல்லாமல் விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம்.

காபி விஷயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. உள்ளே போன காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். நாலு மணிக்குக் குடித்ததில் பாதி, இரவு ஒன்பதுக்கும் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கும். அது கொடுக்கிற படபடப்பை மனசு, "ஏதோ தப்பு நடக்கப் போகுது" என்று மொழிபெயர்த்துக்கொள்ளும். மது இன்னும் மோசம். சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுக்கும், மறுநாள் காலைப் பதற்றத்தை வட்டியோடு கொண்டுவந்து தரும்.

மூச்சுப் பயிற்சியிலும் ஒரு தவறு உண்டு. பதறும்போது பெரிது பெரிதாக மூச்சை இழுத்துத் தள்ளினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் மரத்துப்போகும், பயம் கூடும். மெதுவாக இழுத்து, அதைவிட நீளமாக விடுங்கள். நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. போதும்.

எனக்கு நிஜமாகவே எரிச்சல் தருவது வேறொன்று: மூன்று பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, "தியானம் பண்ணுங்க" என்பது. அதை நாமும் நம்பி, குறை முழுக்க நம்மிடம்தான் என்று நினைத்துக்கொள்வது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் 'பர்ன்அவுட்' (வேலையால் முழுதாகச் சோர்ந்துபோவது) என்பதை விளக்கியபோது அதை ஒரு நோய் என்று வைக்கவில்லை, சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் வைத்தது. அதனால் பேச வேண்டிய இடத்தில் பேசுங்கள். "எனக்கு முடியல" என்று பொதுவாகச் சொன்னால் எதுவும் நடக்காது. "இந்த வாரம் கையில் இந்த மூன்று இருக்கின்றன, இரண்டுதான் முடியும், எதைத் தள்ளிவைக்கலாம்?" என்று கேட்டால் முடிவெடுக்கிற பொறுப்பு அவர்கள் பக்கம் போகும்.

கடைசியாக, நண்பர் கொடுத்தார் என்று மாத்திரை போடுவது. மேடைப் படபடப்புக்குப் பலர் கைமாற்றிக்கொள்கிற ப்ரொப்ரனலால் என்ற மாத்திரை, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தாக முடியலாம். நெஞ்சுவலி வந்தால் "டென்ஷன்தான்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலான நாட்கள் பதற்றம், தூக்கம் கெடுகிறது, வேலைக்குப் போகவே பயம் என்று வாரக்கணக்கில் போனால் டாக்டரைப் பாருங்கள், தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவரிடம் அப்போதே சொல்லுங்கள். டாக்டரிடம் போகும்போது ஒரு வாரக் கணக்கை எழுதி எடுத்துப் போங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கினேன், எத்தனை காபி, எப்போது படபடத்தது. இல்லாவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்து, "ஒண்ணுமில்ல டாக்டர், கொஞ்சம் டென்ஷன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவோம். நான் இரண்டு முறை அப்படி வந்திருக்கிறேன்.