துப்பாக்கி மோகத்தைத் தணிக்கச் சில வீட்டு வைத்தியங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் துப்பாக்கிக் கதை கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி இவ்வட்டாரத் தோட்டங்களில் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதையொட்டி அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் இன்றும் பெரியவர்கள் வாயில் அடிபடும் செய்திகள். அக்கதைகளிலேயே ஊறிய என் தாய்மாமா, தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றபின், பொம்மைத் துப்பாக்கிகளைச் சேர்க்கத் தொடங்கி மூன்றே ஆண்டுகளில் 41ஐ எட்டினார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், எங்கள் மாமி கையாண்ட முறைகள் உதவக்கூடும்.

முதல் வேலை தரம் பிரிப்பது. இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம். பார்ப்பவர் உண்மையானது என்று நம்பும்படியான போலித் துப்பாக்கியை வைத்திருந்தால், 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 36ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ, 5,000 ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். இணையத்தில் விளையாட்டுப் பொருள் என்று விற்றார்கள் என்பது காவல் நிலையத்தில் எடுபடாது. அத்தகையவை இருந்தால், பையில் போட்டுக்கொண்டு கடைத்தெரு வழியாக நடக்காமல், முதலில் நிலையத்திற்குத் தொலைபேசியில் சொல்லி, எப்படி ஒப்படைப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாமாவிடம் அப்படி இரண்டு இருந்தன. மீதி 39இல் பெரும்பாலானவை பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் வாங்கிய பச்சை, ஆரஞ்சு நிறத் தண்ணீர்த் துப்பாக்கிகள். சில, தீபாவளிக்குப் பொட்டுவெடி வைத்துச் சுடும் தகரத் துப்பாக்கிகள்.

மிச்சமிருப்பவற்றுக்கு ஆயுத பூசையைவிடச் சிறந்த மருந்து இல்லை. சரசுவதி படத்தின் முன் அனைத்தையும் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் தாராளமாகச் சந்தனம் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, குழல் நுனியில் ஒரு செவ்வந்திப் பூவையும் செருகிவிடுங்கள். சேகரித்தவர் மறுப்புச் சொல்ல முடியாது. சொன்னால் சாமி குற்றம். மறுநாள்தான் வைத்தியம் வேலை செய்யும். விசை இடுக்கில் புகுந்து காய்ந்த சந்தனத்தை மாமா பழைய பல்துலக்கியால் சுரண்டிச் சுரண்டி, பதினேழாவது துப்பாக்கியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்த மாதம் புதிதாக எதுவும் வாங்கவில்லை.

பேரப்பிள்ளைகளை அழைத்து, ஒவ்வொன்றின் வரலாற்றையும் தாத்தாவிடம் கேட்கச் சொல்வதும் ஓரளவு பலன் தரும். ஆனால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வரலாற்றை விட்டுவிட்டு, எது அதிகத் தூரம் தண்ணீர் பீய்ச்சும் என்று ஆராயப் போனதில் நான்கு துப்பாக்கிகள் உடைந்தன. கணக்குப்படி பார்த்தால் அதுவும் குறைவுதானே!

கடைசியாக, கைக்கு மாற்று வேலை கொடுங்கள். சுட்டே ஆகவேண்டும் என்று கை துறுதுறுக்கிறவர் தோசை சுடட்டும். மாமி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாவுச் சட்டியையும் கரண்டியையும் எதிரே வைத்துவிட்டு, குறி தவறாமல் வட்டமாக ஊற்றிக் காட்டும்படி கேட்டார். முதல் தோசை மலேசிய வரைபடம்போல் இரண்டு துண்டாக வந்தது. மாமாவுக்கு ரோசம் பிறந்துவிட்டது. இப்போது அவர் சுடும் தோசைக்கு அக்கம்பக்கத்தில் நல்ல பெயர். பழைய இரும்புக் கல்லில்தான் மொறுமொறுப்பு வரும் என்று விளக்கமும் சொல்கிறார். சென்ற வாரம் கட்டிலுக்கடியைப் பெருக்கிய மாமி, செய்தித்தாளில் சுற்றியிருந்த மூன்றாவது தோசைக்கல்லைக் கண்டெடுத்தார்.