சமையலுக்கு ஒயிட் ஒயின்: மலிவாக வாங்கும்போது செய்யும் தவறுகள்

சமையல் கற்றுக்கொள்ள என்னிடம் வருபவர்கள் கையில் இருக்கும் ஒயின் பாட்டிலைப் பார்த்தாலே, அன்றைய சாஸ் எப்படி வரும் என்று பாதி தெரிந்துவிடும். ஆரம்பத்தில் நான் வாங்கிய அதே பாட்டில்கள். ரெட் ஒயினை மாற்றி எடுத்துவருவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அது ஒருமுறை நடந்தால் மறுமுறை நடக்காது.

'குக்கிங் ஒயின்' வாங்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. மளிகைச் சாமான்களோடு, வினிகருக்குப் பக்கத்தில் இருக்கும். பெயரிலேயே சமையல் இருக்கிறது, விலையும் குறைவு. வேறென்ன வேண்டும் என்றுதான் நானும் எடுத்தேன்.

எட்டுப் பேருக்கு விருந்து. காளானை வதக்கி, அந்த ஒயினை ஊற்றிச் சுண்டவிட்டு, கடையில் வாங்கிய ஸ்டாக்கும் (எலும்பு அல்லது காய்கறி வேகவைத்து வடித்த சாறு) க்ரீமும் சேர்த்தேன். தனியாக ஒரு சிட்டிகை உப்புகூடப் போடவில்லை. ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தால், கடல் நீர். இன்னும் க்ரீம் ஊற்றினேன், தண்ணீர் விட்டேன், உருளைக்கிழங்கு வெட்டிப் போட்டேன். எதுவும் தேறவில்லை. காளான், வெண்ணெய், இரண்டு டப்பா க்ரீம் எல்லாம் குப்பைக்குப் போயின. ஒயினில் மிச்சம் பிடித்த காசைப் போலப் பல மடங்கு.

பிறகுதான் லேபிளின் பின்பக்கத்தைப் படித்தேன். குடிக்க முடியாதபடி செய்வதற்காகவே இந்த வகை ஒயினில் உப்பைக் கலக்கிறார்கள். பலவற்றில் 100 மில்லிக்கு சுமார் 1.5 கிராம் உப்பு இருக்கும். 250 மில்லி ஊற்றினால் கிட்டத்தட்ட நாலு கிராம். அதை 50 மில்லியாகச் சுண்டவைத்தால் தண்ணீரும் ஆல்கஹாலும்தான் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கிவிடும். அப்போது அது கடல் நீரைவிட இரண்டு மடங்கு கரிக்கும். அதற்கு மேல் ஸ்டாக்கின் உப்பு வேறு. ஒயினுக்கு உரிய மணமும் புளிப்பும் அதில் சொல்லும்படி இருக்காது. வாங்குமுன் பின்பக்கத்தைப் படியுங்கள். உப்பு என்று இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். குடிக்க விற்கும் ஒயின்களிலேயே மலிவானது போதும்.

'ட்ரை' என்ற சொல்லை மட்டும் பார்ப்பது

ட்ரை என்றால் இனிப்பு இல்லாதது. ஆனால் நுரைக்கும் ஒயினில் 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்பது 'ப்ரூட்' வகையைவிட இனிப்பானது. ரீஸ்லிங் என்ற திராட்சையில் செய்யும் ஒயின் ட்ரையாகவும் வரும், இனிப்பாகவும் வரும். ஜெர்மன் பாட்டிலில் 'ட்ரோக்கன்' என்று இருந்தால் ட்ரை. மொஸ்காடோ என்ற இனிப்பு ஒயின் பக்கமே போகாதீர்கள். சர்க்கரையும் உப்பைப் போலத்தான், சுண்டச் சுண்ட ஏறும். குழப்பமே வேண்டாம் என்றால் சாவிஞான் பிளாங்க் அல்லது பினோ கிரிஜியோ என்ற வகை ஒயிட் ஒயினை எடுங்கள்.

ஓக் மரப் பீப்பாயில் ஊறிய ஷார்டனே ஒயின்

சுண்டினால் கைக்கும்.

விலை உயர்ந்த பாட்டில்

அடுப்பில் ஏறியதும் அந்த நுட்பமான மணம் போய்விடும். அதைக் குடித்துவிடுங்கள்.

திறந்த பாட்டிலை வாரக்கணக்கில் வைத்திருப்பது

ஃப்ரிட்ஜில் மூன்றிலிருந்து ஐந்து நாள், அவ்வளவுதான். அப்புறம் வினிகர் வாடை வந்துவிடும். மிச்சத்தை ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவைத்தால், தேவைக்கு இரண்டு கட்டி எடுத்துப் போடலாம். எப்போதாவதுதான் சமைப்பீர்கள் என்றால் ட்ரை வெர்மூத் (மூலிகை மணம் ஏற்றிய ஒயின்) வாங்குங்கள். அதில் ஆல்கஹால் அதிகம், அதனால் ஃப்ரிட்ஜில் ஓரிரு மாதம் தாங்கும். மணம் சற்றுத் தூக்கலாக இருக்கும், குறைவாக ஊற்றுங்கள்.

அலுமினியப் பாத்திரம்

வேண்டாம். எவர்சில்வர் போதும்.

கடைசியில் ஊற்றுவது

பச்சை ஆல்கஹால் நெடி போகாது. வதக்கியதும் ஊற்றிப் பாதிக்கு மேல் வற்றவிட்டு, பிறகே க்ரீம் சேர்க்க வேண்டும். கொதித்தால் ஆல்கஹால் முழுதும் போய்விடும் என்று நம்பிவிடவும் வேண்டாம். கால் மணி நேரம் கொதித்த பிறகும் ஏறக்குறைய 40 சதவீதம் மிஞ்சியிருக்கலாம். சாப்பிட வருபவர்களில் மதுவைத் தொடாதவர் இருந்தால், அவருக்கு ஸ்டாக்கும் சிறிது எலுமிச்சைச் சாறும் விட்டுத் தனியாகச் செய்துவிடுங்கள்.