டீ கப்பும் காகிதக் கூழும்

பள்ளியில் ‘வேஸ்ட்டில் இருந்து ஏதாவது’ செய்து வரச் சொன்னார்கள் என்று தங்கை மகன் வந்து நிற்பான். உடனே ஸ்டேஷனரி கடைக்கு ஓடுவோம். ஒரு காலி பாட்டிலை அலங்கரிக்கத் தெர்மாகோல், ஜிகினாத் தூள், பசை என்று நூறு ரூபாய்க்குப் புதுச் சாமான். மார்க் போட்ட மறுநாள் அத்தனையும் குப்பையில். வெறும் பாட்டிலாக இருந்தபோதாவது பழைய பேப்பர்காரர் எடுத்துக்கொண்டிருப்பார். ஜிகினா ஒட்டிய பிறகு அவருக்கும் வேண்டாம்.

ஒருநாள், ‘போதும்’ என்றாகிவிட்டது. என் அப்பத்தா முறத்தின் பொத்தல் அடைபடப் பூசுவாரே, காகிதமும் வெந்தயமும் அரைத்த கூழ், அதில் கிண்ணம் செய்யலாம் என்று உட்கார்ந்தோம். அவனுக்கு ஏழு வயது, தங்கச்சிக்கு நாலு.

செய்தித்தாள் பத்து எடுத்துக்கொள்ளுங்கள். வழவழ வண்ண இணைப்பு வேண்டாம். கிழிப்பது முழுக்கப் பிள்ளைகள் வேலை. தீப்பெட்டி அளவுக்குக் கிழித்து வாளித் தண்ணீரில் போடட்டும். கூடவே தனித்தனிக் கிண்ணங்களில் ஒரு நோட்டுத் தாள், டீக்கடைப் பேப்பர் கப், சிப்ஸ் பாக்கெட் ஆகியவற்றையும் ஊறப்போடுங்கள். எது கரையும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பேப்பர் என்று பெயரிலேயே இருப்பதால் கப்பும் கரையும் என்று எங்கள் வீட்டு இரண்டு பேரும் அடித்துச் சொன்னார்கள்.

மறுநாள் காலை நோட்டுத் தாள் தொட்டதும் பிய்ந்தது. கப் அப்படியே நின்றது. அடியை நகத்தால் கிள்ளச் சொன்னேன். வெளிப்பக்க அட்டை ஊறியிருந்ததால் பட்டை பட்டையாக உரிந்து வந்தது. உரிக்க உரிக்க, கடைசியில் கப் வடிவத்திலேயே மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு ஒன்று பெரியவன் கையில் நின்றது. விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். “பெரியம்மா, இதுலயா சுடச்சுட டீ குடிக்கிறாங்க?” என்றான். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று நான் அதுவரை எடுத்த வகுப்பெல்லாம் அந்தச் சவ்வுக்கு முன்னால் ஒன்றுமில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களில் இந்த மாதிரிக் கப்பும் உண்டு என்று அப்போதுதான் சொன்னேன். டீக்கடையில் இன்னும் கிடைக்கிறதே என்று கேட்டால் பதில் உங்கள் பாடு.

காகிதம் இரண்டு மூன்று நாள் ஊற வேண்டும். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். முதல் தடவை நான் மாற்றாமல் விட்டு, வீடே நாறிப்போனது. இரண்டாம் நாள் ராத்திரி ஒரு கைப்பிடி வெந்தயத்தைத் தனியே ஊறப்போடுங்கள். காலையில் பெரியவர்கள் மிக்ஸியில் அதை நைசாக அரைத்து எடுத்துவிட்டு, பிழிந்த காகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு அரைக்கலாம். இரண்டையும் சேர்த்துப் பிசைவது பிள்ளைகள். பசைக்குப் பதில் வெந்தயம்தான் பிடிமானம். சப்பாத்தி மாவுப் பதம் வர வேண்டும். தளர்ந்தால் துணியில் கட்டிப் பிழியுங்கள்.

ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து, ஈரத் துணி போர்த்தி, அரை விரல் கனத்துக்கு அப்ப வேண்டும். துணி முக்கியம், இல்லாவிட்டால் பிரியாது. ஒரு நாள் நிழலில் வைத்து, பாதி காய்ந்ததும் கிண்ணத்தை உருவிவிட்டு அப்புறம் வெயிலில் வையுங்கள். எடுத்த எடுப்பில் மொட்டை மாடி வெயிலில் வைத்த எங்கள் முதல் கிண்ணம் காயக் காயச் சுருங்கி நடுவில் விரிசல் விட்டுவிட்டது. சின்னவள் அழுதாள். உடைத்து மறுபடி ஊறப்போட்டு அரைத்தோம். அதே காகிதம் மூன்றாவது பிறவி எடுத்ததைப் பார்த்து அழுகை நின்றது. மழைக்காலத்தில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள், பூஞ்சை பிடித்துவிடும்.

பெயிண்ட், ஜிகினா எதுவும் பூச வேண்டாம். சும்மா விட்டால்தான் உடைந்தாலும் திரும்பக் கூழாகும். அச்சு மை இருப்பதால் தின்பண்டம் வைக்காதீர்கள். எங்கள் கிண்ணத்தில் துணிக் கிளிப் கிடக்கிறது.

இப்போது எந்தக் காகிதம் வந்தாலும் சின்னவள் தண்ணீரில் முக்கிப் பார்க்கிறாள். போன வாரம் வந்த கல்யாணப் பத்திரிகையும் வாளிக்குள் போய்விட்டது. முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று போன் போட்டுக் கேட்க வேண்டியதாகிவிட்டது.