பழைய போலீஸ் ரிவால்வர் வாங்கறதுக்கு முன்னாடி கையில எடுத்து எப்படிப் பாக்கணும்: புதுசா வர்றவங்களுக்கு

இங்க அமெரிக்காவுல துப்பாக்கிக் கடைக்குள்ள போனீங்கன்னா கண்ணாடி கவுண்டர்ல மேல் தட்டு முழுக்க புதுசு புதுசா செமி-ஆட்டோ பிஸ்டல் அடுக்கி வச்சிருப்பாங்க, கீழ்த்தட்டு ஓரத்துல நீலக் கறுப்பு பாலிஷ் தேஞ்சு, மரப்பிடி ஓரமெல்லாம் நசுங்கி, ஒரு ரிவால்வர் கிடக்கும். நான் டெக்சாஸ்ல வாங்குனது அப்படி கிடந்த ஒண்ணுதான், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10, நாலு இன்ச் பேரல், .38 ஸ்பெஷல்ங்கற தோட்டா போடறது, 430 டாலர். இன்னிக்கு என்கிட்ட இருக்கறதுலயே ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகற இடத்துக்கு, அதிகமா எடுத்துட்டுப் போறது அதைத்தான்.

எதுக்கு இதை எழுதறேன்னா, புதுசா வர்றவங்க பழைய ரிவால்வரைக் கண்ணால பாத்து விலை போடறாங்க, பளபளப்பா இருந்தா நல்லது தேஞ்சிருந்தா மோசம்னு. ரிவால்வர் விஷயத்துல அது பாதி நேரம் தலைகீழ். போலீஸ்காரர் இடுப்புல இருபது வருஷம் தொங்குன துப்பாக்கி தினமும் தோல் உறையில உரசி உரசி வெளியில தேஞ்சிருக்கும், ஆனா வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை டெஸ்ட்டுக்கு சுட்டதோட சரி, உள்ள மெஷின் புதுசு மாதிரியே இருக்கும். வெளிய மின்னுற ஒண்ணை வீட்ல யாராவது ஸ்க்ரூடிரைவர் வச்சு கழட்டி நோண்டி கெடுத்து வச்சிருக்கலாம். அதனால கண்ணை விட கையையும் காதையும் நம்புங்க.

முதல்ல: நீங்க வாங்கலாமா?

லைசன்ஸ் உள்ள டீலர்கிட்ட கைத்துப்பாக்கி வாங்க ஃபெடரல் சட்டப்படி 21 வயசு ஆகியிருக்கணும். சிட்டிசன், கிரீன் கார்டு வச்சிருக்கறவங்க வாங்கலாம். எச்1பி, எஃப்1 மாதிரி விசால இருக்கறவங்களுக்கு பொதுவா தடை, துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கறதே குற்றம். வேட்டை லைசன்ஸ் மாதிரி சில விதிவிலக்கு இருக்கு, ஆனா அதை நம்பி இறங்கறதுக்கு முன்னாடி வக்கீல்கிட்ட கேட்டுடுங்க, கிரீன் கார்டுக்கு வரிசைல நிக்கறப்ப இதுல மாட்டுனா வாழ்க்கையே போயிடும். இன்னொண்ணு, நம்ம ஆளுங்க கிட்ட இது அடிக்கடி நடக்குது, "எனக்கு விசா பிரச்சனை, நீ உன் பேர்ல வாங்கிக் குடு, காசு நான் தர்றேன்"னு ஃப்ரெண்டு கேப்பாரு. செய்யவே செய்யாதீங்க. வாங்கறப்ப கடையில நிரப்பற 4473ங்கற ஃபார்ம்ல உண்மையா வாங்கறது நீங்கதானான்னு ஒரு கேள்வி இருக்கு, அதுல பொய் சொன்னா ஃபெடரல் குற்றம்.

இதுக்கு மேல ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி சட்டம், கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் டெக்சாஸ் மாதிரி கிடையாது, உங்க ஊர்ல என்னன்னு பாத்துட்டு கிளம்புங்க.

எதைத் தேடறது

டபுள் ஆக்‌ஷன்னா ட்ரிகரை ஒரே இழுப்பா இழுத்தா ஹேமர் (தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கிற சுத்தி) பின்னாடி போயி, அந்த நேரத்துலயே சிலிண்டர் (தோட்டா போடற ஆறு அறை உள்ள உருளை) ஒரு அறை சுத்தி, கடைசியில ஹேமர் விழும், எல்லாம் ஒரு விரல் வேலை. அதுக்கு பத்து பன்னெண்டு பவுண்டு பலம் வேணும். கட்டைவிரலால ஹேமரை முன்னாடியே இழுத்து வச்சிட்டு சுட்டா அது சிங்கிள் ஆக்‌ஷன், ட்ரிகர் ரொம்ப லேசா இருக்கும்.

ஆரம்பத்துக்கு நான் சொல்றது மாடல் 10 தான். 1899ல மிலிட்டரி அண்ட் போலீஸ்ங்கற பேர்ல வந்தது, 1957ல கம்பெனி எல்லாத்துக்கும் நம்பர் போட ஆரம்பிச்சப்ப 10ங்கற நம்பர் கிடைச்சது. அறுபது லட்சத்துக்கு மேல செஞ்சிருக்காங்க, அதனால பார்ட்ஸ், உறை, ரிப்பேர் தெரிஞ்ச ஆள் எல்லாமே கிடைக்கும். சைட்டு ஃபிக்ஸடு, மேல ஒரு பள்ளம், முன்னாடி ஒரு மேடு, அவ்வளவுதான், திருகறதுக்கு ஒண்ணும் இல்ல, கெட்டுப்போறதுக்கும் ஒண்ணும் இல்ல. இதையே ஸ்டெயின்லெஸ்ல செஞ்சா மாடல் 64, வேர்க்கிற ஊர்ல இருக்கறவங்களுக்கு அது நல்லது. ரூகர் சர்வீஸ்-சிக்ஸ் கிடைச்சாலும் விடாதீங்க, பாக்க முரடா இருக்கும், ஆனா இரும்பு மாதிரி உழைக்கும். பழைய கோல்ட் அபிஷியல் போலீஸ் அழகு, ஆனா அதோட உள்வேலை தெரிஞ்ச ரிப்பேர்காரங்க குறைஞ்சுட்டாங்க, முதல் துப்பாக்கியா வேண்டாம்.

இதெல்லாம் எப்படி கடைக்கு வந்து குவிஞ்சதுன்னா, எண்பது தொண்ணூறுகள்ல அமெரிக்க போலீஸ்ல பெரும்பாலானவங்க செமி-ஆட்டோவுக்கு மாறுனாங்க, நியூயார்க் போலீஸ் கூட 1993ல மாற ஆரம்பிச்சது. பழசைக் குடுத்து புதுசு வாங்குனாங்க, அந்தப் பழசுதான் இது. சிலதுல பின்பக்கம் டிபார்ட்மென்ட் பேர் செதுக்கியிருக்கும். என்னோடதுல ஒரு எண் மட்டும் இருக்கு, யார் இடுப்புல இருந்ததுன்னு தெரியாது, கையில எடுக்கறப்பல்லாம் அவரை நினைச்சுக்குவேன்.

ஒரு எச்சரிக்கை. சீரியல் நம்பர் வி எழுத்துல ஆரம்பிச்சா அது ரெண்டாம் உலகப்போர் காலத்து விக்டரி மாடல். அதுல பிரிட்டன்காரங்களுக்கு அனுப்புனது .38 எஸ் அண்ட் டபிள்யூங்கற வேற தோட்டாவுக்கு செஞ்சது, அகலம் ஜாஸ்தி, நீளம் கம்மி. போருக்கப்புறம் அதுல நிறைய துப்பாக்கிய .38 ஸ்பெஷல் போற மாதிரி அறையைக் குடைஞ்சு வித்தாங்க, சில ஆளுங்க பேரலையும் வெட்டிக் குட்டையாக்குனாங்க. அதுல சுட்டா வெத்து கேஸ் (சுட்டப்புறம் மிஞ்சற தோட்டாக் கூடு) வயிறு வீங்கி வெளிய வரும், சிலது பொளந்தே வரும். அதோட 1944ல அமெரிக்க நேவில ஒரு விக்டரி ரிவால்வர் கீழ விழுந்து வெடிச்சு ஒரு மாலுமி செத்துப்போனார், அதுக்கப்புறம்தான் ஹேமர் தானா போய் அடிக்காம தடுக்கற ஹேமர் பிளாக்கை மாத்தி பலமா வச்சாங்க. மாத்துனதுக்கு அடையாளமா நம்பர்ல எஸ்வின்னு வரும். வெறும் வி பாத்தீங்கன்னா புதுசா வர்றவங்க விட்டுட்டு வாங்க.

கடையில கையில எடுக்கறப்ப

கேட்டுட்டு எடுங்க. கடைக்காரர் சிலிண்டரைத் திறந்து காட்டி குடுப்பார், இருந்தாலும் நீங்களும் ஆறு அறையையும் பாருங்க, விரலை விட்டுத் தடவியே பாருங்க. பேரல் யாரையும் பாக்கக்கூடாது, தரையையோ ஆள் இல்லாத சுவரையோ பாக்கணும். "வெறுமனே ட்ரிகர் இழுத்துப் பாக்கலாமா"ன்னு தனியா கேளுங்க, சில கடைல ஸ்னாப் கேப்னு டம்மி தோட்டா குடுப்பாங்க. சினிமால மணிக்கட்டை சுண்டி சிலிண்டரை டக்குனு மூடுவாங்கள்ல, அதைப் பண்ணிடாதீங்க, சிலிண்டரைத் தாங்கற கை வளைஞ்சு போயிடும், கடைக்காரர் முகமும் மாறிடும். இடது கையால மெதுவா தள்ளி மூடுங்க.

சோதனை (இதை நிதானமா படிங்க)

முதல்ல டைமிங். மூடி வச்சு, இடது கட்டைவிரலை சிலிண்டர் மேல லேசா வச்சு, பிரேக் பிடிக்கற மாதிரி கொஞ்சமா அழுத்தி, வலது கட்டைவிரலால ஹேமரை ரொம்ப ரொம்ப மெதுவா பின்னாடி இழுங்க. கீழ இருந்து ஒரு சின்ன நாக்கு வந்து சிலிண்டர்ல இருக்கற பள்ளத்துல "டிக்"னு விழும். அந்த டிக், ஹேமர் கடைசில நிக்கறதுக்கு முன்னாடியே கேக்கணும், இல்ல கூடவே கேக்கணும். ஹேமர் நின்ன பிறகும் சிலிண்டர் பூட்டிக்கலைன்னா டைமிங் பின்தங்கிருக்குன்னு அர்த்தம், அப்ப சுட்டா அறையும் பேரலும் நேரா நிக்காது, ஈயத்துல ஒரு செதில் சீவிக்கிட்டு பக்கவாட்டுல தெறிக்கும், பக்கத்துல நிக்கறவர் கன்னத்துல படும். ஆறு அறைக்கும் தனித்தனியா பண்ணுங்க. அஞ்சு நல்லா இருந்து ஒண்ணு மட்டும் சோம்பேறியா இருக்கறது சகஜம், நான் முதல்ல பாத்த ஒரு துப்பாக்கில நாலு அறை மட்டும் பாத்துட்டு சரின்னு சொல்ல இருந்தேன், கூட வந்த அண்ணன் ஒருத்தர் "மிச்சத்தையும் பாரு தம்பி"ன்னாரு, ஆறாவதுல பூட்டவே இல்ல.

அப்புறம் பூட்டு. ட்ரிகரை இழுத்து ஹேமர் விழுந்த பிறகும் விரலை எடுக்காம இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு சிலிண்டரை சைடுல ஆட்டிப் பாருங்க. ஸ்மித்ல துளி ஆட்டம் இருக்கும், பரவால்ல. லொடலொடன்னா வேண்டாம். அதே மாதிரி முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்க, லேசா அசையலாம், டக் டக்குனு சத்தமா போய் வந்தா நிறைய சுட்டிருக்காங்க.

சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல இருக்கற இடுக்கை வெளிச்சத்துல பிடிச்சு பாருங்க. மெக்கானிக் கடைல ஸ்பார்க் பிளக்குக்கு வைக்கிற ஃபீலர் கேஜ் ஒண்ணு பாக்கெட்ல கொண்டு போங்க, ஒரு இன்ச்ல ஆயிரத்துல நாலுல இருந்து பத்து வரைக்கும் இருந்தா சரி, ஆறு இருந்தா ரொம்ப நல்லது.

ஹேமரை இழுத்து நிறுத்திட்டு, ட்ரிகரைத் தொடாம, கட்டைவிரலால ஹேமரை முன்னாடி தள்ளுங்க. விழவே கூடாது. விழுந்தா யாரோ உள்ள அரம் போட்டு ட்ரிகரை லேசாக்கிருக்காங்க, அது ஆபத்தான துப்பாக்கி, எவ்வளவு மலிவா குடுத்தாலும் வாங்காதீங்க.

சிலிண்டரைத் திறந்து சுத்தி விட்டு எஜெக்டர் ராடு (வெத்து கேஸை வெளிய தள்ற கம்பி) நுனியைப் பாருங்க, தள்ளாடுனா வளைஞ்சிருக்கு. பேரலுக்குள்ள பின்னாடி இருந்து வெளிச்சம் விட்டு பாருங்க, நடுவுல இருட்டா ஒரு வளையம் தெரிஞ்சா உள்ள குண்டு சிக்கி இருக்கறப்ப இன்னொண்ணு சுட்டு பேரல் வீங்கியிருக்குன்னு அர்த்தம். வெறும் அழுக்கா இருந்தா பயப்படாதீங்க, பிரஷ் போட்டா போயிடும்.

கடைசியா ஸ்க்ரூ. தலைல இருக்கற வெட்டு பிஞ்சு போயிருந்தா, வலது பக்க பிளேட்டு ஓரத்துல நெம்புன தடம் இருந்தா, தெரியாத ஆள் திறந்திருக்காரு. பிடியோட முன்பக்கம் அடியில ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அது மெயின் ஸ்ப்ரிங்கை அழுத்தறது, ட்ரிகர் லேசாகணும்னு அதைத் தளர்த்தி விடுவாங்க, அப்புறம் ஹேமர் மெதுவா அடிச்சு தோட்டா வெடிக்காது. இது மட்டும் பிரச்சனைன்னா இறுக்கி முடுக்குனா சரியாயிடும், விலையைக் குறைக்க நல்ல சாக்கு.

சிலிண்டர் திறந்தப்ப ஃபிரேம்ல உள்பக்கம் 10-5, 10-6ன்னு ஒரு நம்பர் தெரியும், கோடுக்கு அப்புறம் வர்றது எத்தனாவது மாத்தம்னு சொல்றது. 10-6 தடிமன் பேரல், முன்பக்கம் கனம், எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனா நம்பருக்காக காசை அள்ளிக் குடுக்காதீங்க.

பேப்பர், காசு

4473 நிரப்பி, ஐடி காட்டி, கடைக்காரர் எஃப்பிஐ பின்னணி சோதனைக்கு அனுப்புவார். பல நேரம் சில நிமிஷத்துல பதில் வந்துடும், சில நேரம் "காத்திருக்கவும்"னு வரும், பேர் குழப்பம் நம்ம ஆளுங்களுக்கு சகஜம்தான், பதறாதீங்க. ஆன்லைன்ல வாங்குனா வீட்டுக்கு வராது, உங்க மாநிலத்து டீலர்கிட்டதான் வரும், அங்க போய் இதே ஃபார்ம். ஆன்லைன்ல மேல சொன்ன சோதனை எதுவும் பண்ண முடியாதுங்கறதால, முதல் துப்பாக்கிய நேர்ல பாத்தே வாங்குங்க.

ரேஞ்சுல

முதல் நாள் 158 கிரெயின் எடை ஈய குண்டு, சாதா லோடு. ஃபிக்ஸடு சைட்டை இந்த எடைக்குத்தான் வச்சிருக்காங்க, லேசான குண்டு போட்டா குறிக்குக் கீழ அடிக்கும், அப்புறம் துப்பாக்கி கோணல்னு நினைப்பீங்க. பேப்பர்ல சுடறதுக்கு 148 கிரெயின் வாட்கட்டர் வாங்குங்க, முன்பக்கம் தட்டையா இருக்கும், பஞ்ச் போட்ட மாதிரி வட்டமா ஓட்டை விழும், உதையும் கம்மி. கண்ணாடி, காது மூடி கட்டாயம். இடது கை விரல் சிலிண்டர் முன்னாடி வரவே கூடாது, அந்த இடுக்குல சூடான காத்து கத்தி மாதிரி வெளிய வரும்.

ஏழு கெஜ தூரத்துல, டபுள் ஆக்‌ஷன்ல மட்டும் சுடுங்க. ஹேமரை இழுத்து வச்சு சுட ஆசையா இருக்கும், வேண்டாம். ட்ரிகரை பாதில நிறுத்தாம, அவசரப்படாம, ஒரே வேகத்துல இழுத்துக்கிட்டே போங்க. பழைய ஸ்மித் ட்ரிகர் கிணத்துல ராட்டினம் சுத்தற மாதிரி ஒரே சீரா வரும், எங்க விழும்னு உங்களுக்கே தெரியாது, அதனாலதான் கை முன்கூட்டியே குலுங்காது. ஐம்பது ரவுண்டுக்கு அப்புறம் ஒரே ஒரு தடவை அஞ்சு குண்டு டம்ளர் வாய் அளவுல விழுந்துச்சு எனக்கு, அந்தப் பேப்பரை இன்னும் வச்சிருக்கேன்.

வெத்து கேஸைத் தள்றப்ப பேரலை வானம் பாக்க தூக்கிட்டு எஜெக்டரை ஒரே அழுத்தா அழுத்துங்க. சாய்ச்சு வச்சு தள்ளுனா எரியாத பவுடர் துகள் எஜெக்டரோட நட்சத்திர மூடிக்கு அடியில போய் உக்காந்துக்கும், அப்புறம் சிலிண்டர் இறுகும். வீட்டுக்கு வந்து அந்த இடத்தை பழைய டூத் பிரஷ்ஷால தேய்ங்க, பேரலுக்கு சால்வென்ட், வெளிய துணில ரெண்டு சொட்டு எண்ணெய், சோப்பு போட்டு கை கழுவிட்டு சாப்பிடுங்க, ஈயம். வச்சிருக்கற இடம் பூட்டு போட்ட பெட்டியாத்தான் இருக்கணும், வீட்ல குழந்தை இருந்தாலும் இல்லாட்டியும், ஒருநாள் யாராவது குழந்தையோட வருவாங்க. தோல் உறைக்குள்ள போட்டு வைக்காதீங்க, தோல் ஈரத்தை இழுத்து வச்சுக்கும், இருபது வருஷம் போலீஸ்காரர் தேய்ச்சும் பிடிக்காத துரு ரெண்டே மாசத்துல பிடிச்சுடும்.