காசுக்கட்டி: துப்ப வேண்டியதை விழுங்காதீர்கள்

திருகோணமலையில் நாட்டு மருந்துக்கடையில் காசுக்கட்டி கேட்டால் கரும்பழுப்பில் ஒரு துண்டை உடைத்துத் தருவார்கள். நாக்கில் பட்டதும் வாய் சுருங்கும், பிறகு இலேசாக இனிக்கும். ஆயுர்வேதத்தில் கதிரம் எனப்படும் மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையைச் சீவி, தண்ணீரில் காய்ச்சி வற்றவைத்த சாறு அது. பல் முரசில் இரத்தம் கசிந்தாலும் வாய் புண்ணானாலும் அதைக் கரைத்துக் கொப்பளிப்பது பழைய கைமருந்து.

பெயரில்தான் முதல் குழப்பம். சித்த மருத்துவம் இந்த மரத்தைக் கருங்காலி என்கிறது. எங்கள் ஊரில் கருங்காலி என்றால் தளபாடம் செய்யும் கறுப்பு மரம். இரண்டும் வேறு குடும்பம். தச்சுப்பட்டறைச் சீவலைக் காய்ச்சிக் குடிக்காதீர்கள்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வெற்றிலைத் தட்டு. "காசுக்கட்டி மருந்துதானே" என்று பாக்கோடும் புகையிலையோடும் நாள் முழுக்கக் குதப்புகிறார்கள். கொப்பளித்துத் துப்பும்போதுதான் அது மருந்து. புகையிலை சேராவிட்டாலும் பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்டது. இலங்கை ஆண்களை அதிகம் பிடிப்பதும் வாய்ப்புற்றுநோய்தான். வெள்ளைத் திட்டோ புண்ணோ இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் கொப்பளிப்பை நம்பியிருக்காமல் பல் டொக்டரிடம் காட்டுங்கள்.

ஒருமுறை அவசரத்தில் இரும்புச் சட்டியில் காய்ச்சினேன். செம்பழுப்பாக இருக்க வேண்டிய தண்ணீர் பச்சை கலந்த கறுப்பாகிவிட்டது. துவர்ப்பைத் தரும் தனின் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. சரி, மண்சட்டிக்கு மாறினால் போயிற்று. ஆனால் வயிற்றுக்குள்ளும் இதுதான் நடக்கும். கிளினிக்கில் தந்த இரும்புச்சத்துக் குளிசையோடு இதைச் சேர்த்து விழுங்கினால் உடம்பில் சேரும் இரும்பு குறையும். கர்ப்பிணிகள் வைத்தியரிடம் கேட்காமல் உள்ளுக்கு எடுக்கவே வேண்டாம்.

வயிற்றோட்டத்துக்கும் இதைக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. ஓட்டம் நின்றாலும் போன தண்ணீர் திரும்பி வராது. பிள்ளைகளுக்கு முதலில் ஜீவனி எனும் உப்பு-சீனித் தூளைக் கரைத்துக் கொடுங்கள். மலத்தில் இரத்தமோ கூடவே காய்ச்சலோ இருந்தால் துவர்ப்பால் கட்டி நிறுத்தப் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.