பழைய செட்டிநாட்டு நகைப்பெட்டியைச் சுத்தம் செய்வது எப்படி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் வாங்கியதோ, ஆயா வீட்டுப் பரணிலிருந்து இறக்கியதோ, பர்மா தேக்கில் செய்து பித்தளைப் பட்டை அடித்து, மூடிக்குள் கண்ணாடி பதித்த அந்தப் பெட்டி கைக்கு வந்ததும் முதலில் தண்ணீர்ப் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

தட்டுகளையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, காய்ந்த பெயின்ட் பிரஷால் மூலைமூலையாகத் தூசியைத் தட்டுங்கள். அடித்தட்டு வெளியிலிருந்து பார்ப்பதைவிட உள்ளே ஆழம் குறைவாக இருந்தால் கீழே ரகசிய அறை இருக்கலாம், நெம்பாமல் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். வெளிர் நிறத்தில் புதுத் தூள் உதிர்ந்தால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது, மற்ற மரச்சாமான்களிடமிருந்து உடனே தள்ளி வையுங்கள்.

பித்தளைக்குப் புளி போட எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். குத்துவிளக்குக்குச் சரி, இங்கே வேண்டாம். புளிநீர் பட்டையின் இடுக்கில் இறங்கி மரத்தைக் கறையாக்கிவிடும். மெல்லிய துணியால் தேய்த்தாலே போதும், கொஞ்சம் கருப்பு இருந்தால்தான் அழகு. கண்ணாடியில் ரசம் போயிருந்தாலும் மாற்றாதீர்கள். வார்னிஷ் கூடவே கூடாது, தேன்மெழுகைத் துளியூண்டு தடவுங்கள்.

பிளஸ் தலை ஸ்க்ரூ இருந்தால் அது பிற்காலத்தில் மாட்டியது, விலை பேச உதவும். அப்புறம், 100 வருடத்துக்கு மேற்பட்டதென்றால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும், வெளிநாட்டுக்கு அனுப்ப நினைக்காதீர்கள்.